பிழை எவருடையது?

'தமிழ்' என்ற சொல்லில் எழுத்துகள் எத்தனை? மூன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள். த, மி, ழ் என்று விரல் மடக்கும். மூன்று என்று முகம் மலரச் சொல்லும். பிள்ளை சொன்னது சரி. தொல்காப்பியனே எழுந்து வந்தாலும் அந்தக் கணக்கை மாற்ற மாட்டான்.

கணிப்பொறியைக் கேட்டுப் பாருங்கள். ஐந்து என்கிறது! த ஒன்று, ம இரண்டு, அதன்மேல் வளையும் கொக்கி மூன்று, ழ நான்கு, தலையிலே உள்ள புள்ளி ஐந்து. உலகெங்கும் வழங்கும் யூனிகோடு என்னும் எழுத்துப் பட்டியலில், 1991 முதல், தமிழ் இப்படித்தான் துண்டு துண்டாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. பொறிக்கு அது போதும். பிள்ளைக்குப் போதுமா?

எண்ணிப் பாருங்கள். தமிழறியாத ஒருவர், எங்கோ ஒரு குளிர் அறையில் அமர்ந்து, எழுத்துகளை எண்ணச் சொல்லும் பாடம் ஒன்றைக் கணிப்பொறிக்கு எழுதிக் கொடுக்கிறார். செம்மஞ்சேரிப் பள்ளியிலே ஒரு சிறுமி 'மூன்று' என்று தட்டுகிறாள். திரையிலே சிவப்புக் குறி! 'தவறு' என்று பொறி உறுமுகிறது. ஆசிரியர் தவறென்றால் 'ஏன் ஐயா?' என்று கேட்கலாம். பொறியிடம் யாரைக் கேட்பது? சிறுமி தலை குனிகிறாள். தனக்குத் தெரிந்த தமிழ் தவறு என்று நம்பிவிடுகிறாள்.

பிழை எவருடையது? சிறுமியுடையதா? பொறியுடையதா? இரண்டும் இல்லை. பாடத்தை எழுதிய கையுடையது; அந்தக் கையை அமர்த்திய ஏற்பாட்டினுடையது. அந்தக் கையைப் பற்றித்தான் இன்று பேசுகிறோம்.

நாம் கல்லூரிப் படிக்கட்டை மிதித்தவர்கள் அல்லர். பள்ளியோடு நின்றது நமது படிப்பு. ஆயினும் பிள்ளைக்குப் பாடம் சொல்லும் எதுவாயினும், அது கரும்பலகையானாலும் கணிப்பொறியானாலும், அதைக் கேள்வி கேட்கும் உரிமை பாட்டாளிக்கு உண்டு. ஏனெனில் பிள்ளை நமது பிள்ளை!

தாம்பரத்திலிருந்து கடற்கரை வரை மின்சார வண்டி ஓடத் தொடங்கியது 1931 இல். அந்த வண்டி சுமந்த மனிதர்களின் கதையே தென்சென்னையின் கதை. பல்லாவரத்திலே கல்லுடைத்த கைகள், பம்மலிலும் நாகல்கேணியிலும் தோல் பதனிட்ட கைகள், தோல் தொழிற்சாலையின் பெயரையே ஊரின் பெயராக ஏற்றுக்கொண்ட குரோம்பேட்டையிலே உழைத்த கைகள், 1984 முதல் தாம்பரம் ஏற்றுமதி வளாகத்திலே பூட்டவும் பொருத்தவும் செய்த கைகள். இந்தக் கைகள் வளர்த்த ஊர்கள் பல, 2021 இல், தாம்பரம் மாநகராட்சி என்ற பெயரில் ஒன்றாயின. அதே வண்டியிலே இன்று தோளில் பையோடு இந்தக் கைகளின் பிள்ளைகள் செல்கிறார்கள். எங்கே தம்பி வேலை என்றால், 'சாப்ட்வேர்' என்கிறார்கள். கேட்டவர் உடனே, 'ஓ! இலட்சத்திலே சம்பளம்' என்று கண்ணை அகல விரிக்கிறார்.

அவசரப்படாதீர்கள்! கணிப்பொறி வேலையிலே இரண்டு வகை உண்டு.

தரமணியிலே 2000 ஆம் ஆண்டு டைடல் பூங்கா திறக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து பழைய மாமல்லபுரம் சாலையில் கண்ணாடி மாளிகைகள் எழுந்தன. அங்கே நடப்பது வாணிபம். அது ஒரு வகை. மற்றொரு வகை, ஆய்வுக்கூடத்து வேலை. கிண்டியிலே ஐ.ஐ.டி., கோட்டூர்புரத்திலே தமிழ் இணையக் கல்விக்கழகம், தரமணியிலே 1964 முதல் தொழிற்கல்வி ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் தேசிய நிறுவனம், குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்திலே ஏ.யு.-கே.பி.சி. ஆய்வு மையம் என்று இந்தத் தென்பகுதியிலே அறிவுக் கூடங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. இத்தகைய கூடங்களிலே, பிள்ளைகள் எப்படிக் கற்கிறார்கள், எங்கே தடுக்கி விழுகிறார்கள், பொறியைக் கொண்டு எப்படிக் கைதூக்கி விடலாம் என்று ஆராய்வது ஒரு துறை. கல்வித் தொழில்நுட்ப ஆய்வு என்று அதற்குப் பெயர். அதிலே பேராசிரியர் எண்ணுவார். எண்ணியதைப் பொறிக்குப் புரியும் கட்டளைகளாக, அதாவது நிரலாக, வரி வரியாக எழுதித் தருபவர் அண்மையிலே பட்டம் பெற்று வந்த இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது இளைஞர். அவரே நாம் சொல்லும் கை.

இது என்ன பெரிய வேலை, பாடப் புத்தகத்தைத் திரையிலே ஏற்றுவதுதானே என்பீர்களோ? அன்று! ஒரு கணக்கைப் பார்ப்போம்.

52 இலிருந்து 27 ஐக் கழி. விடை 25. ஒரு பிள்ளை 35 என்று எழுதுகிறது. சாதாரணப் பொறி என்ன செய்யும்? 'தவறு, மீண்டும் முயல்க' என்னும். பிள்ளை மீண்டும் முயலும். மீண்டும் 35 என்றே எழுதும். ஏன்? அந்தப் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு எழுதவில்லை. 2 இலிருந்து 7 போகாது என்று கண்டது. 7 இலிருந்து 2 ஐக் கழித்து 5 என்றது. 5 இலிருந்து 2 போனால் 3 என்றது. பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும் என்ற விதியைத் தனக்குத்தானே வகுத்துக்கொண்டு, அந்த விதிக்கு நேர்மையாக நடந்தது. விதி தவறு, பிள்ளை மூடனல்ல!

அமெரிக்காவிலே ஜான் சீலி பிரவுன், ரிச்சர்டு பர்ட்டன் என்ற இருவர், 1978 இல், இத்தகைய பிழைகளை ஆராய்ந்து வெளியிட்டார்கள். பிள்ளைகளின் கழித்தல் தவறுகளிலே பல கவனக்குறைவல்ல, ஒழுங்கான ஒரு தவறான விதியின் விளைவு என்று காட்டினார்கள். விடைகளைப் பார்த்து எந்த விதி பிள்ளையின் மனத்திலே குடியிருக்கிறது என்று கண்டுபிடிக்கும் நிரலையும் செய்தார்கள். நிரலிலே உள்ள பிழையை ஆங்கிலத்திலே பூச்சி என்பார்கள். பிள்ளையின் மனத்திலே இருப்பதும் அத்தகைய பூச்சிதான். பிரம்பால் அடித்தால் போகாது, இடம் கண்டு எடுத்தால் போய்விடும் என்பது அவர்கள் கண்ட உண்மை.

கல்வி ஆய்வு என்பது இது. பிழையைக் கண்டு சினப்பதன்று. பிழையின் பிறப்பிடம் தேடுவது. இதற்கு நிரல் எழுதுபவன் கணக்கும் அறிய வேண்டும். பிள்ளையையும் அறிய வேண்டும். பிள்ளையின் மொழியையும் அறிய வேண்டும்.

இந்த வேலையிலே இளைஞருக்கு இடமுண்டா, அவர் வெறும் ஏவலாள்தானா என்று கேட்பார் உண்டு. இல்லினாய் பல்கலைக்கழகத்திலே 1960 இல் டொனால்டு பிட்சர் என்பவர் பிளாட்டோ என்ற பெயரில் கணிப்பொறி வழிப் பாடத்தைத் தொடங்கினார். பாடம் எழுதவோ அரும்பாடு பட வேண்டியிருந்தது. 1967 இல், உயிரியல் மாணவராக இருந்த பால் டென்சார், ஆசிரியர்களும் எளிதிலே பாடம் எழுதத்தக்க ஒரு நிரல் மொழியையே படைத்துக் கொடுத்தார். அதே 1967 இல்தான், பிள்ளைகளே நிரல் எழுதிக் கற்கும் லோகோ என்ற மொழியும் அமெரிக்காவில் பிறந்தது. அரை நூற்றாண்டுக்கு மேலாக இத்துறை வளர்ந்தது பேராசிரியர் பெருமக்களால் மட்டுமன்று, மேசையோரத்து இளைஞர்களாலும்தான்.

நம் நாடு மட்டும் பின்தங்கியா நின்றது? பொறிக்கு ஏற்ப எழுத்தைச் செப்பனிட வேண்டும் என்று 1935 இலேயே பெரியார் தம் ஏட்டிலே செய்து காட்டினார். 1978 இல் அரசு அதை ஏற்றது. 1999 இல் சென்னையிலே தமிழ் இணைய மாநாடு கூடி, தமிழ் 99 என்ற விசைப்பலகை முறை வகுக்கப்பட்டது. 2001 இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தோன்றியது. ஐ.ஐ.டி.களின் பாடங்களை எவரும் காணலாம் என்ற என்.பி.டி.இ.எல். திட்டம் 2003 இல் எழுந்தது. எவரும் எடுத்துப் படிக்கவும் திருத்தவும் தக்க கட்டற்ற மென்பொருளை வளர்ப்பதற்கென்று 2005 இல் ஒரு தேசிய மையம் தொடங்கப்பட்டது. எங்கே தெரியுமா? தரமணி சி-டாக்கும் குரோம்பேட்டை ஏ.யு.-கே.பி.சி.யும் சேர்ந்து நடத்தின! மேனிலைப் பள்ளி மாணவர் கைகளுக்கு 2011 முதல் மடிக்கணினி வந்தது. 2019 இல் கல்வித் தொலைக்காட்சி வந்தது. 2020 மார்ச்சிலே கொள்ளைநோய் பள்ளிக் கதவுகளை மூடியது. ஒரு செல்பேசிக்கு மூன்று பிள்ளைகள் முட்டிமோதிய வீடுகளை நாம் அறிவோம். அந்த இழப்பை ஈடுகட்ட 2021 இல் இல்லம் தேடிக் கல்வி வந்தது.

ஆம், விதைத்திருக்கிறோம். ஆனால் நாற்றுக்கு நீர் பாய்ச்சுகிறவனைப் பார்த்தோமா?

ஆய்வுத் திட்டம் என்றால் என்னவென்று தோழர்கள் அறிய வேண்டும். ஒன்றிய அரசிடமிருந்தோ, மாநில அரசிடமிருந்தோ, ஓர் அறக்கட்டளையிடமிருந்தோ பணம் வருகிறது. இரண்டாண்டு, மூன்றாண்டு என்று தவணை குறிக்கப்படுகிறது. நிரல் எழுத வந்தவருக்குத் திட்டப் பணியாளர் என்று பெயர்; தொகுப்பூதியம்; ஒப்பந்தம். ஒப்பந்தம் முடியும் மாதத்திலே, நீட்டிப்பு ஆணை வருமா வராதா என்று வாசலைப் பார்ப்பதும் உண்டு. அவர் எழுதிய நிரலால் ஆய்வுக் கட்டுரை வெளிவரும். கட்டுரையின் தலையிலே பேராசிரியர் பெயர் இருக்கும். நிரல் எழுதியவர் பெயர், இருந்தால், கடைசியிலே நன்றி கூறும் பத்தியிலே இருக்கும்.

கூலி எவ்வளவு? ஒன்றிய அறிவியல் துறையின் அளவுகோலைச் சொல்கிறோம். இளநிலை ஆய்வாளருக்கு 2019 முதல் மாதம் 31,000 ரூபாய். 2023 சனவரி முதல் 37,000 ரூபாய். அதுவும் தேசியத் தேர்வு எழுதித் தேறியவர்க்கு! அந்தத் தேர்வு இல்லாத திட்டப் பணியாளருக்கு அதனினும் குறைவு. பட்டினிக் கூலி என்று நாம் கூறவில்லை. தோல் பதனிடும் தோழர் இதைக் கேட்டுப் பெருமூச்சு விடுவார் என்பதும் அறிவோம். ஆனால் கல்விக் கடன் கழுத்தைப் பிடிக்க, அடுத்த ஆண்டு வேலை உண்டா என்பது தெரியாமல், எத்தனை நாள் நிற்பார்? கண்ணாடி மாளிகை கூப்பிடுகிறது, போகிறார். அவரைக் குறை கூற நமக்கு மனமில்லை.

அவர் போனபின் நடப்பதுதான் கொடுமை! பணம் தீர்ந்தது, திட்டம் முடிந்தது, அறிக்கை அச்சாயிற்று, பாராட்டு விழா நடந்தாயிற்று. பள்ளியிலே அந்த நிரல் ஒருநாள் நின்றுவிடுகிறது. திருத்த ஆளில்லை. எழுதியவர் எங்கோ ஒரு வங்கிக்கு வட்டிக் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறார். 'தமிழ்' என்ற சொல்லுக்கு மூன்றெழுத்தா ஐந்தெழுத்தா என்று கண்ட அறிவு அவரோடு போய்விட்டது. அடுத்த திட்டத்திலே அடுத்த இளைஞர் வந்து, முதலிலிருந்து, அதே ஐந்தை மூன்றாக்கப் பாடுபடுவார். திட்டத்துக்குத் தவணை உண்டு. பிள்ளைக்குத் தவணை உண்டோ? ஆண்டுதோறும் ஒன்றாம் வகுப்புக்குப் புதிய பிள்ளை வந்துகொண்டேதான் இருக்கிறது!

இங்கே மறுப்புரைப்போர் மூவர் வருவர்.

முதலாமவர் கூறுவார்: 'ஆய்வென்றால் முடிவு தெரியாத பயணம். அதற்கு நிலையான ஆளை எப்படி அமர்த்துவது?' நல்ல கேள்வி. ஆய்வு முடியட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. மேட்டூர் அணையைக் கட்டி முடித்தது 1934 இல். கட்டியாயிற்று, இனி மதகைத் திறக்கவும் கசிவைப் பார்க்கவும் ஆள் எதற்கு என்று எவராவது சொன்னார்களா? ஆய்வுக்குத் தவணை இருக்கலாம். ஆய்விலே விளைந்து பள்ளிக்கு வந்த பொருளுக்குக் காவலாள் நிலையாக வேண்டும்.

இரண்டாமவர் கூறுவார்: 'அரசுக்கு ஏன் இந்தத் தொல்லை? தனியார் செய்யட்டுமே!' செய்தார்களே, கண்டோமே! பெங்களூரிலே பைஜூஸ் என்று ஒரு நிறுவனம். 2022 இல் அதன் மதிப்பு 2,200 கோடி டாலர் என்றார்கள். அதே ஆண்டு அக்டோபரில் 2,500 பேரை வேலையிலிருந்து நீக்கப் போவதாக அறிவித்தார்கள். 2024 இல் திவால் வழக்கிலே நின்றது அந்த நிறுவனம். வாணிபத்தை நம்பிப் பள்ளியை விட்டால், அங்காடி சரியும் நாளிலே பாடமும் சரியும். பணம் கட்டிய தகப்பனும் தவிப்பான், பணியாற்றிய இளைஞனும் தவிப்பான்.

மூன்றாமவர் இன்றைய புதுமைக்காரர்: 'செயற்கை அறிவு வந்துவிட்டது; நிரலை அதுவே எழுதும்; இளைஞர் எதற்கு?' எழுதட்டும். கலப்பை போய் டிராக்டர் வந்தபோதும் உழவன் வேண்டாமென்று ஆகவில்லை. பொறி தனக்கு ஊட்டியதைத்தான் கக்கும். ஆங்கிலத்தை மலையளவும் தமிழைக் கையளவும் ஊட்டினால், அது பேசும் தமிழ் எப்படியிருக்கும்? அது சொல்வது பிள்ளைக்குப் பொருந்துமா என்று பார்க்க, பிள்ளையை அறிந்த மனிதன் முன்னிலும் அதிகமாகவே தேவை. கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும், நகரத்துக் குடிசைகளிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து குடியமர்த்தப்பட்டவர் வீட்டுப் பிள்ளை எந்தச் சொல்லில் தடுக்கி விழுகிறது என்பது, அந்தப் பள்ளியிலே போய் அமர்ந்தவனுக்கல்லவா தெரியும்?

ஆகவே நாம் கேட்பது மூன்று.

ஒன்று: மக்கள் வரிப்பணத்திலே எழுதப்படும் கல்வி நிரல் மக்களுக்கே உரியது. அது தமிழிலே இயங்க வேண்டும். அதன் மூலவரிகள் எவரும் பார்க்கவும் திருத்தவும் திறந்திருக்க வேண்டும். எழுதியவர் போனாலும் எழுத்து நிற்கும்.

இரண்டு: திட்டப் பணியாளருக்குத் திட்டக் காலம் முழுமைக்கும் ஒரே ஒப்பந்தம், வைப்பு நிதி, மருத்துவக் காப்பு, கட்டுரையிலே பெயர். திட்டம் முடிந்தபின், பள்ளிக்கு வந்த நிரலைப் பேண, கல்வித் துறையிலேயே நிலையான நிரலாளர் பிரிவு.

மூன்று: கல்விக்கு நிரல் எழுதும் ஒவ்வொருவரும் வாரம் ஒரு நாள் அரசுப் பள்ளி வகுப்பறையிலே கடைசி வரிசையில் அமர வேண்டும். அதுவும் வேலை நேரமே, ஊதியம் உண்டு. 52 இலிருந்து 27 ஐக் கழித்து 35 என்று எழுதும் பிள்ளையின் முகத்தைப் பாராதவன், அந்தப் பிள்ளைக்கு ஆசானாக எழுதக் கூடாது.

இயக்கத் தோழர்களுக்கும் வேலை உண்டு. உங்கள் ஊர் அரசுப் பள்ளியிலே பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. பெற்றோரே அதிலே பெரும்பான்மை. பள்ளிக்குப் புதிய செயலி ஒன்று வந்தால், வாய்மூடி ஏற்காதீர்கள். இதை எழுதியவர் யார்? தமிழறிந்தவரா? தவறு கண்டால் யாரிடம் சொல்வது? எத்தனை நாளில் திருத்துவர்? இந்த நான்கு கேள்விகளைக் கேளுங்கள். கேட்கப் பட்டம் வேண்டியதில்லை. பிள்ளை ஒன்று பள்ளியில் இருந்தால் போதும்.

தொழிற்சங்கத் தோழர்களே! இந்தியாவின் முதல் தொழிற்சங்கங்களில் ஒன்று, 1918 இல், இதே சென்னையிலே, பெரம்பூர் ஆலைத் தொழிலாளருக்காக அமைக்கப்பட்டது. கணிப்பொறித் தொழிலாளர் சங்கம் அமைக்கத் தடையில்லை, அன்று நடப்பிலிருந்த தொழில் தகராறுச் சட்டம் அவர்களுக்கும் பொருந்தும் என்று 2016 இல் தமிழ்நாட்டு அரசு தெளிவாக்கியது. ஆய்வுக்கூடத்து ஒப்பந்தப் பிள்ளைக்கும் உங்கள் வாசலைத் திறந்து வையுங்கள். 'அவன் ஏ.சி. அறையிலே இருப்பவன்' என்று ஒதுக்காதீர்கள். அறை குளிரலாம், அடிவயிறு எரிவதை அறிவீர்களா?

தம்பி! தங்கையே! நிரல் எழுதும் உங்களுக்கும் ஒரு சொல். உங்கள் தந்தை கல்லுடைத்திருக்கலாம், தோல் பதனிட்டிருக்கலாம். அதை ஆய்வுக்கூடத்திலே மறைக்காதீர்கள். ஆங்கிலம் சரளமாக வரவில்லையே என்று கூட்டத்திலே குறுகாதீர்கள். 'தமிழ்' மூன்றெழுத்து என்பது உங்களுக்குப் பாடப் புத்தகம் பார்த்துத் தெரிய வேண்டியதில்லை. பிள்ளையிடம் ஒரே செல்பேசி, அதுவும் தந்தை வேலையிலிருந்து திரும்பிய பிறகுதான் கைக்கு வரும் என்பது உங்களுக்கு ஆய்வு செய்து தெரிய வேண்டியதில்லை. பேராசிரியருக்குத் தெரியாதது அது. நிறுவனத்துக்குத் தெரியாதது அது. அந்த அறிவே உங்கள் மூலதனம். அதை நிரலிலே எழுதுங்கள்.

ஒரு காலத்திலே, நம் பாட்டன் எழுத்தறியவில்லை என்றால், அவன் தலையெழுத்து என்றார்கள். பிழை தலையெழுத்திலே இல்லை, பள்ளியை மூடி வைத்த சமுதாயத்திலே இருக்கிறது என்று சொல்லிச் சொல்லித்தான் கதவைத் திறந்தோம். இன்று பொறி ஒன்று நம் பேத்தியைப் பார்த்துத் தவறு என்கிறது. மீண்டும் அதே கேள்வியைக் கேட்போம்: பிழை எவருடையது? விடை கிடைக்கும் வரை கேட்போம். விடை கண்டு திருத்தும் பிள்ளைக்கு, நிலையான நாற்காலி ஒன்றையும் கேட்டுப் பெறுவோம்!